கைப்பையில் இருந்தால் கேஸ்

1968இல் 'நிரோத்' ஆணுறை விற்பனைக்கு வந்தபோது மூன்று உறை 15 பைசா. டீத்தூள், சோப்பு, பேட்டரி கம்பெனிகள்தான் அதை ஊர் ஊராகப் பெட்டிக்கடை வரை கொண்டுபோய்ச் சேர்த்தன. விளம்பரம் பேசியதெல்லாம் கணவன், மனைவி, அளவான குடும்பம். பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை.

கணக்கில் வந்தது 1986இல். சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்தம் எடுத்து வேலூரில் சோதித்தார். இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அன்றுமுதல் நோய் அந்தப் பெண்களுடையது என்று ஆகிவிட்டது. அவர்களிடம் போய்வந்த ஆண்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

தொண்ணூறுகளில் நான் சென்னையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளர். எழும்பூர், சென்ட்ரல் பக்கம் ஆணுறை கொடுக்கப் போவேன். "வேணாம்க்கா, கைப்பையில இருந்தா கேஸ்" என்பார்கள். பையில் ஆணுறை இருப்பதே விபசாரத்துக்குச் சாட்சி என்று போலீஸ் பிடித்துப்போன காலம். சுகாதாரத் துறை கொடுத்ததைக் காவல்துறை பறித்தது, இரண்டுமே அரசாங்கம்தான்.

அதையும் மீறி வைத்திருந்தால் பார்ட்டி ஒத்துக்கொள்ள வேண்டுமே. "பார்க்கச் சுத்தமாத்தானே இருக்கே, எதுக்கு?" என்பான். உறை வேண்டாமென்றால் கூடக் காசு தருவான். வாடகை பாக்கி இருக்கும் நாளில் அந்தக் காசை யார் வேண்டாம் என்பார்கள்? குடித்துவிட்டு வருபவனிடம் பேச்சே எடுபடாது. இவர்களைவிடக் கஷ்டம், வாடிக்கையாக வருகிறவர், 'வீட்டுக்காரர்' என்று அவள் சொல்லிக்கொள்பவர். ஊர் பேர் தெரியாதவனிடம் கறாராக இருப்பவள் இவரிடம் உறையை எடுக்க மாட்டாள். எடுத்தால், "என் மேலயே சந்தேகமா?" என்று சண்டை. விளக்கப்படத்தை விரித்துவைத்து நாங்கள் நடத்திய பாடத்தில் இதற்கெல்லாம் பதில் கிடையாது.

பதில் கல்கத்தாவில் கிடைத்தது. அங்கே பாலியல் தொழில் நடக்கும் சோனாகாச்சியில் 1992இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்குள்ள பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாக வேலைக்கு எடுத்தார். வீட்டை நடத்தும் மாசிகளிடமும் தாதாக்களிடமும் போய்ப் பேசினார்கள். 1995இல் பெண்கள் தங்களுக்கென்று சங்கமும், சேமிப்புக்கும் கடனுக்கும் உஷா என்ற கூட்டுறவுச் சங்கமும் தொடங்கினார்கள். கந்துவட்டிக்காரனுக்குப் பயப்படாதவளால்தான், உறை போடாதவனை வெளியே போ என்று சொல்ல முடிந்தது. ஒரு வீட்டில் மறுத்தால் அடுத்த வீட்டிலும் மறுப்பார்கள் என்றானபின் ஆண்களும் வழிக்கு வந்தார்கள். தொடக்கத்தில் நூற்றுக்கு மூன்று பேர் அளவில் இருந்த ஆணுறைப் பழக்கம் பத்தாண்டுக்குள் எண்பதைத் தாண்டியது. அறிவுரையைவிடச் சேமிப்புப் புத்தகம்தான் அதிகம் சாதித்தது என்பேன்.

நம்மூரில் ஆணைப் பார்த்துக் கேள்வி கேட்டது எய்ட்ஸ் விழிப்புணர்வுக்கான 'புள்ளிராஜா' விளம்பரம். சிரித்தார்கள், திட்டினார்கள், ஆனாலும் ஊரெல்லாம் பேசியது.

போலீஸ் விவகாரம் மட்டும் இழுத்துக்கொண்டே போனது. கல்கத்தாவில் ஒரு பாலியல் தொழிலாளி கொலையான வழக்கிலிருந்து கிளைத்த விசாரணையில், 2022 மே 19 அன்றுதான் உச்ச நீதிமன்றம் சொன்னது: ஆணுறை பயன்படுத்துவதைக் குற்றமாகவோ குற்றத்துக்குச் சாட்சியாகவோ கொள்ளக் கூடாது.