லென்ஸ் அடாப்டரும் ஃபோகஸ் துல்லியமும்: அளவிடும் இடம் பற்றிய ஒரு வாதம்

ஒரு நிறுவனத்தின் லென்ஸை இன்னொரு நிறுவனத்தின் கேமராவில் பொருத்துபவர்கள் முதலில் சந்தேகிப்பது அடாப்டரின் தடிமனைத்தான். படம் மங்கினால் பழியும் அதன் மீதே விழுகிறது. பெரும்பாலான நேரங்களில் இந்தப் பழி தவறானது என்பது என் வாதம். தடிமனில் உள்ள பிழை ஃபோகஸ் பிழையாக மாறுமா என்பது, கேமரா ஃபோகஸை எந்த இடத்தில் அளக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த இடம் தெரியாமல் ஓர் அடாப்டரை நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்வதில் பொருளில்லை.

கேமராவில் லென்ஸ் வந்து அமரும் உலோக முகத்துக்கும் சென்சாருக்கும் இடையிலான தூரத்தை ஃபிளாஞ்ச் தூரம் என்பார்கள். 1959இல் வந்த நிக்கான் எஃப் மவுண்டில் அது 46.5 மி.மீ.; 1987இல் வந்த கேனான் இஎஃப் மவுண்டில் 44 மி.மீ.; சோனி இ மவுண்டில் 18 மி.மீ.; நிக்கான் இசட் மவுண்டில் 16 மி.மீ. லென்ஸுக்கு உரிய தூரத்திலிருந்து கேமராவின் தூரத்தைக் கழித்தால் கிடைப்பதே அடாப்டரின் தடிமன். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டருக்கு அது 30.5 மி.மீ.

தடிமன் கூடினால் லென்ஸால் முடிவிலி வரை போக முடியாது. குவியத் தூரத்தின் வர்க்கத்தைப் பிழையால் வகுத்தால், அது எட்டக்கூடிய கடைசித் தொலைவு ஏறத்தாழக் கிடைத்துவிடும். அச்சுத்தாள் ஒன்றின் தடிமனான 0.1 மி.மீ. மிகுந்துவிட்டால் 50 மி.மீ. லென்ஸ் 25 மீட்டரோடு நின்றுவிடும். 24 மி.மீ. லென்ஸ் 6 மீட்டரைக்கூட எட்டாது. 135 மி.மீ. லென்ஸோ 180 மீட்டருக்கு மேல் போகும். இந்த அச்சத்தால்தான் விலை குறைந்த அடாப்டர்கள் பல, தேவையைவிடச் சற்று மெலிதாகவே செய்யப்படுகின்றன.

ஆனால் லென்ஸ் எட்டும் எல்லை வேறு, துல்லியம் வேறு. மிரர்லெஸ் கேமராவில் அளவு எடுக்கப்படுவது படம் பதிவாகும் சென்சாரிலேயே. திரையில் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் திருப்பினாலும், கேமராவே தானாக ஃபோகஸ் செய்தாலும் இதில் மாற்றமில்லை. ஆகவே அடாப்டர் தடித்தாலும் மெலிந்தாலும், எட்டும் தொலைவுக்குள் அந்தப் பிழை அளவீட்டிலேயே கரைந்துவிடுகிறது. கெட்டுப்போவது லென்ஸின் மேல் பொறித்த தூர அளவுகோல்தான். இதற்கு ஒரு விலக்கு உண்டு: தொலைவுக்கு ஏற்பக் கண்ணாடித் தொகுதிகளின் இடைவெளியை மாற்றிக்கொள்ளும் லென்ஸ்கள். மெலிந்த அடாப்டரில் இவை மலையைப் படம்பிடிக்கும்போதும், உள்ளே அருகிலுள்ள பொருளுக்கான அமைப்பில் நிற்கும். மையம் கூர்மையாக வந்தாலும் மூலைகள் தளரும்.

டிஎஸ்எல்ஆர் கேமராவில் அளவு எடுக்கும் இடம் பிரதிபலிப்புக் கண்ணாடிக்குக் கீழே, தனி உணரியில் இருக்கிறது. எம்42 திருகு லென்ஸைக் கேனான் இஎஃப் கேமராவில் பொருத்தும் வளையம் 1.46 மி.மீ. தடிமன் கொண்டது. அந்தத் தடிமன் பிசகினாலும், உணரிக்குப் போகும் ஒளியும் சென்சாருக்குப் போகும் ஒளியும் ஒரே லென்ஸிலிருந்து ஒரே தூரம் பயணிப்பதால் ஒப்பீடு கெடுவதில்லை. இங்கே பிழை வேறு வழியில் நுழைகிறது. உணரி லென்ஸ் வாயின் ஒரு பகுதி வழியாக வரும் கதிர்களை மட்டுமே பார்க்கிறது, எஃப் 1.4இல் எடுக்கும் படத்தில் விளிம்புக் கதிர்களும் கலக்கின்றன. கோளப் பிறழ்ச்சி மிகுந்த பழைய லென்ஸில் இவ்விரண்டும் ஒரே தளத்தில் குவியா. அந்தக் கேமராவுக்கென்றே பிறந்த லென்ஸ் தன் திருத்தத்தைக் கேமராவுக்குச் சொல்லிவிடும். அடாப்டரில் ஒட்டிய சிப்புக்கு அந்த லென்ஸின் குணம் தெரியாது.

தடிமன் பிழை உண்மையிலேயே ஃபோகஸைக் கெடுக்கும் இடம், லென்ஸின் நகர்வைப் படித்து ஃபோகஸை அளக்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அங்கும் எல்லா லென்ஸ்களிலும் இல்லை. இதை நிறுவ ஒரு சிறு கணக்கு போதும். லைகா திருகு மவுண்டின் ஃபிளாஞ்ச் தூரம் 28.8 மி.மீ.; 1954இல் எம்3 கேமராவோடு வந்த எம் மவுண்டில் 27.8 மி.மீ. இடையில் வரும் வளையம் சரியாக 1 மி.மீ. கேமராவுக்குள் இருக்கும் சிறு உருளை, லென்ஸின் பின்விளிம்பைத் தொட்டு அதன் நகர்வைப் படிக்கிறது. அந்த இணைப்பு 51.6 மி.மீ. குவியத் தூரத்துக்கு வகுக்கப்பட்டது. இந்தக் குவியத் தூரமுள்ள இயல்பு லென்ஸில் வளையம் 0.05 மி.மீ. தடித்தால் கண்ணாடியும் 0.05 முன்னேறும், உருளை படிப்பதும் 0.05 முன்னேறும். இரண்டும் ஒன்றாகவே நகர்வதால் ஃபோகஸ் தவறாது.

90 மி.மீ. லென்ஸில் நிலைமை வேறு. ஒரே தொலைவுக்கு அந்த லென்ஸ் நகர வேண்டியது, உருளை நகர்வதைப் போல் சுமார் 3 மடங்கு. வளையத்தின் பிழையோ இரண்டையும் ஒரே அளவுதான் தள்ளுகிறது. எனவே லென்ஸ் தேவையைவிட ஏறத்தாழ 0.1 மி.மீ. குறைவாக நீண்டு, ஃபோகஸ் பொருளுக்குப் பின்னால் விழுகிறது. மங்கல் வட்டத்தை 0.03 மி.மீ. என்று கொண்டால் எஃப் 2.8இல் பொறுக்கத்தக்க பிழை 0.084 மி.மீ.தான். 28 மி.மீ. லென்ஸில் இதே பிழை எதிர்த்திசையில், 0.035 மி.மீ. அளவில் வரும்; எஃப் 2.8இல் அது கண்ணுக்குத் தெரியாது. ஒரே வளையத்தை ஒருவர் புகழவும் இன்னொருவர் திட்டவும் காரணம் இதுதான் என்று கருதுகிறேன்: இருவர் கையிலும் இருந்த லென்ஸ்கள் வேறு.

வெறும் உலோக வளையத்துக்குரிய ஒரு நன்மையையும் சொல்ல வேண்டும். அபெர்ச்சரை லென்ஸிலேயே குறைத்து, அந்த நிலையிலேயே ஃபோகஸ் செய்ய வேண்டியிருப்பதால், துளை சுருங்கும்போது சில லென்ஸ்களில் ஃபோகஸ் இடம்பெயரும் சிக்கல் தானாகவே தீர்ந்துவிடுகிறது. முழுத் திறப்பில் ஃபோகஸ் செய்துவிட்டுப் படமெடுக்கும் நொடியில் மட்டும் துளையைச் சுருக்கும் கேமராவுக்கு இந்த வசதி கிடையாது.

எந்த அளவீட்டாலும் திருத்த முடியாத இன்னொரு குறை சாய்வு. அடாப்டரின் இரு முகங்களும் இணையாக இல்லாவிட்டால் குவியத் தளமும் அதே கோணத்தில் சாய்கிறது. கேமரா ஒரு புள்ளியில் சரிசெய்தால் இன்னொரு புள்ளி விலகும். 60 மி.மீ. அகல முகத்தில் ஒருபுறம் 0.05 மி.மீ. உயர்ந்திருந்தால், 36 மி.மீ. அகலச் சென்சாரின் விளிம்பில் குவியம் 0.015 மி.மீ. விலகும். எஃப் 1.4இல் அது சுமார் 0.011 மி.மீ. மங்கலாகும், 24 மெகாபிக்சல் சென்சாரில் கிட்டத்தட்ட இரண்டு பிக்சல். மையத்தை மட்டும் பார்த்து அடாப்டரைப் பாராட்டுபவர் இதைக் காணவே மாட்டார். சென்சாரை மூடிய கண்ணாடியாலும் சில லென்ஸ்களில் ஓரங்கள் தளர்வதுண்டு. ஆனால் அது இருபுறமும் சமமாக வரும். சாய்வு இருபுறத்தையும் எதிரெதிர்த் திசைகளில் விலக்கும்.

ஆகவே மிரர்லெஸ் கேமராவுக்கு அடாப்டர் வாங்குபவர் முடிவிலிச் சோதனையோடு நின்றுவிடக் கூடாது. தொலைவில் நேர்கோட்டில் அமைந்த கட்டட வரிசை ஒன்றை, ஒரு விளிம்பில் ஃபோகஸ் செய்து, முழுத் திறப்பில் எடுத்து, இடது விளிம்பையும் வலது விளிம்பையும் ஒப்பிட வேண்டும். பிறகு அதே அடாப்டரில் வேறொரு லென்ஸைப் பொருத்தி மீண்டும் எடுக்க வேண்டும். எதிர் விளிம்பின் மங்கல் மறைந்தால் குறை லென்ஸில் இருக்கலாம். மாறாமல் நின்றால் அடாப்டரில், அல்லது கேமராவின் மவுண்டில். இவற்றைப் பிரித்தறிய வேறொரு அடாப்டர் வேண்டும். குறை அடாப்டரில்தான் என்று உறுதியானால், திருகுகளால் இணைந்த அடாப்டரைக் கழற்றி, தடிமன் குறைந்த பக்கத்தில் மெல்லிய உலோகத் தகடு வைத்துச் சரிசெய்யலாம்.