அடிபட்ட பல்லில் வலி: வீட்டில் செய்ய வேண்டியதும் கண்காணிக்க வேண்டியதும்

குளியலறையில் வழுக்கி விழுந்தாலோ, விளையாட்டில் பந்து முகத்தில் பட்டாலோ, மடியிலிருக்கும் குழந்தையின் தலை உங்கள் வாயில் மோதினாலோ, பெரும்பாலும் மேல் முன்பற்களே அடி வாங்குகின்றன. பல் உடையவில்லை, இடம்பெயரவில்லை. ஆயினும் கடிக்கும்போது நோகிறது. இத்தகைய வலி பொதுவாகச் சில நாட்களில் தணியத் தொடங்கும். ஆனால், வலி நின்றுவிட்டது என்பதாலேயே பல் நலமாக உள்ளது என்று முடிவு செய்துவிட வேண்டாம்.

வலி ஏன் ஏற்படுகிறது?

பல்லின் வேர் தாடை எலும்புடன் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. இரண்டிற்கும் இடையே உள்ள மெல்லிய நாரிழைகள் பல்லைப் பிணைத்து, மெல்லும்போது ஏற்படும் அழுத்தத்தைத் தாங்குகின்றன. அடிபடும்போது இவ்விழைகள் நசுங்கி வீங்குவதால், பல் சற்று உயர்ந்துவிட்டது போலவும், எதிர்ப்பல்லில் முதலில் இடிப்பது போலவும் தோன்றும். தளர்ந்த பல் சிறிதளவு ஆடலாம். ஈறின் விளிம்பில் இரத்தம் கசியலாம்.

பல்லின் உள்ளே இருக்கும் கூழுக்கு, வேர் நுனியிலுள்ள நுண்ணிய துளை வழியாகவே இரத்தமும் நரம்பும் செல்கின்றன. அடியினால் அந்த இரத்த ஓட்டம் தடைபட்டால், பற்கூழ் மெல்ல மெல்ல அழிந்துவிடக்கூடும். அழிந்த கூழில் உணர்ச்சி இராது. ஆகவே பல் அமைதியாகிவிட்டது போலத் தோன்றும். பின்னர் அங்கே கிருமித்தொற்று ஏற்பட்டுச் சீழ் பிடிக்கும்போதுதான் பலரும் பல் மருத்துவரை நாடுகின்றனர்.

உடனடியாக மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய நிலைகள்

அடிபட்டபின் மயக்கம், தொடர் வாந்தி, குழப்பம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் இருந்தால் பல்லைப் பற்றிக் கவலைப்படாமல் 108 அவசர ஊர்தியை அழையுங்கள். அழுத்திப் பிடித்தும் இரத்தம் நிற்காவிட்டாலும், வாயைத் திறக்கவோ பற்களைச் சேர்த்துக் கடிக்கவோ இயலாவிட்டாலும், பல் இடம்பெயர்ந்திருந்தாலும், உடைந்த பல்லில் சிவந்த புள்ளி தெரிந்தாலும் அன்றே சிகிச்சை பெற வேண்டும். நிலைப்பல் முழுவதுமாக விழுந்துவிட்டால் வேரைத் தொடாமல் மேற்பகுதியைப் பிடித்தெடுத்து, பாலில் இட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். விழுந்த பால் பல்லை மீண்டும் பொருத்தக் கூடாது.

வீட்டில் என்ன செய்யலாம்?

துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தின் அல்லது உதட்டின் மேல் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். முதல் நாளில் சில முறை இவ்வாறு செய்யலாம். ஒரு வாரத்திற்குக் குழைந்த சாதம், இட்லி, கஞ்சி போன்ற மென்மையான உணவே போதும். முறுக்கு, கரும்பு, எலும்பு ஆகியவற்றை முன்பற்களால் கடிக்க வேண்டாம். பல் ஆடுகிறதா என்று விரலாலும் நாக்காலும் அடிக்கடி அசைத்துப் பார்ப்பது இயல்பான பழக்கம்தான். ஆனால் அது நாரிழைகள் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

நோகிறது என்பதற்காகப் பல் துலக்குவதை நிறுத்திவிடாதீர்கள். அழுக்குப் படிந்த ஈறு எளிதில் ஆறாது. மிருதுவான தூரிகையால் மெதுவாகத் துலக்கி, வெதுவெதுப்பான உப்பு நீரால் கொப்பளியுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால் போதுமானது. பெரியவர்கள் 500 மில்லிகிராம் மாத்திரையை ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை உட்கொள்ளலாம். கல்லீரல் நோய் உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும். குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவே தரப்பட வேண்டும். மருத்துவர் அறிவுறுத்தாமல் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள். ஆஸ்பிரின் மாத்திரையைப் பொடித்து ஈறில் வைப்பதும், கிராம்புத் தைலத்தை நேரடியாக ஊற்றுவதும் ஈறைப் புண்ணாக்கும்.

வலி தணிந்த பிறகு

பல் உறுதியாகத் தோன்றினாலும் ஓரிரு நாட்களில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். வேரிலோ எலும்பிலோ முறிவு உள்ளதா என்பது எக்ஸ்ரே படத்தில்தான் தெரியும். மிகுதியாக ஆடும் பல்லை, அருகிலுள்ள பற்களுடன் மெல்லிய கம்பியால் இரண்டு வாரம் வரை இணைத்து வைப்பது உண்டு.

குளிர்ச்சியைக் கொண்டு செய்யும் பரிசோதனையில், அடிபட்ட பல் முதல் மூன்று மாதங்கள் வரை உணர்ச்சி காட்டாமல் இருந்து, பிறகு மீளக்கூடும். எனவே, ஒரு முறை உணர்ச்சியில்லை என்பதால் மட்டும் வேர்ச்சிகிச்சை தேவை என்று ஆகிவிடாது. அதே காரணத்தால், மருத்துவர் மீண்டும் வரச்சொல்லும் நாட்களைத் தவறவிடவும் கூடாது. ஓராண்டு வரையேனும் கண்காணிப்புத் தொடர வேண்டும்.

அக்காலத்தில் நல்ல வெளிச்சத்தில் பல்லைப் பாருங்கள். நிலைப்பல் சாம்பல் நிறமாக மாறுவது, வேருக்கு நேராக ஈறில் சிறு கொப்புளம் தோன்றுவது, வாயில் கெட்ட சுவை, மீண்டும் எழும் வலி, வீக்கம் ஆகியவை கூழ் பாதிக்கப்பட்டிருப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். பல் மஞ்சளாக மாறினால் கூழறை சுருங்கியிருக்கலாம். அதற்குப் பெரும்பாலும் சிகிச்சை தேவைப்படுவதில்லை. குழந்தையின் பால் பல் அடிக்குப் பின் கறுத்தாலும், வலியோ வீக்கமோ கொப்புளமோ இல்லையெனில் பொதுவாகப் பிடுங்க வேண்டியதில்லை. ஆயினும் அதன் வேருக்கு அருகிலேயே நிலைப்பல்லின் முளை வளர்ந்துகொண்டிருப்பதால், மருத்துவர் அப்பல்லைத் தொடர்ந்து கவனிப்பார்.

அடிபட்ட தேதியையும் எந்தப் பல் என்பதையும் உங்கள் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பல் நிறம் மாறினால், மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி அதுவாகவே இருக்கும்.