கரையேறிய தோணிகள்: தூத்துக்குடி ஓடாவிகளின் மராமத்துத் தொழில்

தூத்துக்குடித் தோணி மரத்தால் கட்டிப் பாய்விரித்து ஓட்டிய சரக்குக் கலம். மீன்பிடி வள்ளத்தைவிடப் பல மடங்கு பெரியது. பிற்காலத் தோணிகள் 200, 300 டன் வரை சுமந்தன. அதைச் செலுத்துபவர் தண்டல், அதைக் கட்டுபவர் ஓடாவி. உரிமையாளர்களிலும் தண்டல்களிலும் பெரும்பாலோர் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். இந்தக் கலத்தைப் பற்றிப் பேசும்போது அது கட்டப்பட்ட நாளையும் அது கண்ட கரைகளையும் சொல்வது வழக்கம். ஆனால் தோணித் தொழில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்ததற்கு, கட்டுமானத்தைவிட மராமத்துக்குத்தான் பங்கு அதிகம். மரக்கலம் உப்புநீரில் இறங்கிய நாளிலிருந்தே அழியத் தொடங்குகிறது. அதைக் கரையேற்றி, கெட்டதை எடுத்து நல்லதை வைத்து, மீண்டும் இறக்கத் தெரிந்த கைகள் ஊரில் இருந்தவரை தோணி இருந்தது.

தூத்துக்குடிக்கு ஏராளமான தோணிகள் தேவைப்பட்டதற்குக் காரணம் அதன் கடல் ஆழமில்லாதது. கரைக்கு எதிரே வரிசையாக நிற்கும் சிறு தீவுகளும் பவளப்பாறைகளும் அலையை அடக்கித் தந்தன. அதே சமயம் பெரிய கப்பல்களை உள்ளே விடவில்லை. நீராவிக் கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி நங்கூரமிட்டு நின்றன. இறக்க வேண்டிய நிலக்கரியும் அரிசியும், ஏற்ற வேண்டிய பருத்திப் பொதிகளும் தோணியில்தான் போய்வர வேண்டும். 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து ஊரைப் பிடித்த டச்சுக்காரர்களுக்கும், 1825இல் அதை நிலையாகப் பெற்ற ஆங்கிலேயர்களுக்கும் இந்த ஏற்பாட்டை மாற்ற வழி இருக்கவில்லை. 1876இல் ரயில் வந்ததும் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் பருத்தி மலைபோலக் கரைக்கு வந்து குவிந்தது. பருத்தி அழுத்தும் ஆலைகளும் ஹார்வி சகோதரர்களின் நூற்பாலையும் எழுந்தன. துறைமுகம் வளர வளர, கப்பலுக்கும் கரைக்கும் இடையிலான அந்த ஐந்தாறு மைலைக் கடக்கும் தோணிகளின் எண்ணிக்கையும் கூடியது.

இந்தக் கரையில் கலம் கட்டும் தொழில் பருத்திக்கு மிக முந்தியது. முத்துக்குளிப்புக் காலங்களில் நூற்றுக்கணக்கான கலங்கள் ஒரே பருவத்தில் கூடின. பங்குனி, சித்திரையில் கடல் தெளிந்து அடங்கியிருக்கும் சில வாரங்கள்தான் பருவம். விடியுமுன் நிலக்காற்றில் சிப்பி விளையும் கடலடிப் பார்களுக்குப் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்ப வேண்டும். குளிப்பவர் காலில் கல்லைக் கட்டி இறங்குவார், கயிறு பிடிப்பவர் மேலிருந்து அவரை இழுப்பார். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிப்பவர்களுக்கு, மீதி அரசுக்கு. எந்த ஆண்டில் சிப்பி விளையும் என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. பல ஆண்டுகள் குளிப்பே நடக்காமல் போகும், பிறகு திடீரென ஒரு பருவம் அறிவிப்பார்கள். அந்த அறிவிப்பு வரும்போது கலம் ஓட்டை இல்லாமல் நிற்க வேண்டும். கடைசியாக 1961இல் முடிந்த முத்துக்குளிப்பு அதன்பின் நடக்கவில்லை. சங்கு குளிப்பு மட்டும் தொடர்ந்தது.

தோணியை அரிப்பவற்றில் முதன்மையானது கப்பற்புழு. பெயரில் புழு என்றாலும் அது முத்துச்சிப்பிக்கு உறவான இரட்டை ஓட்டு உயிரினம். முன்முனையில் உள்ள சிறு ஓடுகளால் பலகையைக் குடைந்து உள்ளேயே வளரும். வெளியே குண்டூசித் துளைதான் தெரியும், உள்ளே பலகை தேனடையாகியிருக்கும். அடுத்து துரு. பலகையை இணைக்கும் இரும்பு ஆணிகள் உப்புநீரில் கரைந்து, சுற்றியுள்ள மரத்தையும் கருக்கவைத்துப் பொடியாக்கும். மூன்றாவது மழைநீர். கேட்பதற்கு வியப்பாக இருக்கும், ஆனால் மரக்கலத்துக்குக் கடல்நீரைவிட நன்னீரே பகை. மேல்தட்டின் மூலைகளில் தேங்கும் மழைநீர்தான் மரத்தை மக்கச்செய்கிறது. உப்பு ஊறிய மரம் எளிதில் மக்காது.

ஆகவே குறிப்பிட்ட கால இடைவெளியில் தோணியைக் கரையேற்றுவார்கள். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரும் கடலேற்றத்தில் கலத்தைக் கரைக்கு அருகே கொண்டுவந்து, உருளைக் கட்டைகளின் மேல் இழுத்து, இருபுறமும் முட்டுக்கொடுத்து நிறுத்துவார்கள். முட்டு சரியாக அமையாவிட்டால் கலம் தன் எடையிலேயே வளைந்துவிடும். ஒருமுறை ஏரா, அதாவது அடிப்பகுதியின் நீளக்கட்டை, வளைந்தால் அதை நிமிர்த்துவது புதுத்தோணி கட்டுவதற்குச் சமம். அடிப்பாகத்தில் ஒட்டிய சிப்பியையும் பாசியையும் சுரண்டி, சில நாள் வெயிலில் காயவிடுவார்கள். காய்வதிலேயே புழுக்களில் பெரும்பகுதி சாகும்.

பிறகு ஓடாவி சுத்தியலோடு கலத்தைச் சுற்றி வருவார். நல்ல பலகை கணீரென ஒலிக்கும், குடைந்த பலகை மந்தமாக ஒலிக்கும். எதைக் கழற்றுவது, எதை விடுவது என்ற தீர்ப்பு முழுவதும் அந்த ஒலியில் இருந்தது. இதில் தவறினால் இழப்பு இரு பக்கமும் உண்டு. கெட்ட பலகையை விட்டுவைத்தால் நடுக்கடலில் ஆபத்து. நல்லதைக் கழற்றினால் உரிமையாளருக்கு வீண்செலவு, அதோடு பக்கத்துப் பலகைகளின் பிடிப்பும் தளரும்.

மரத் தேர்வு தனிக் கலை. வளைந்த வங்குகளுக்கு, அதாவது கலத்தின் விலா எலும்புகளுக்கு, இயல்பாகவே வளைந்து வளர்ந்த கருவேலக் கிளையைத் தேடுவார்கள். நேர்மரத்தை வளைவாக அறுத்தால் இழை அறுபட்டுப் பலம் போகும். பலகைக்குத் தேக்கும் அயினியும் மலைநாட்டிலிருந்து வரும். தடித்த பலகையை நெருப்பின் மேல் காட்டி, நீர் தெளித்து, சூடு ஆறுமுன் வளைத்து வங்கில் பூட்டுவார்கள். புதுப்பலகை பழைய பலகையின் பக்கத்தில் மயிரிழை இடைவெளியோடு அமர வேண்டும். முழுதாக நெருக்கினால் நீரில் ஊதும்போது இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்ளும்.

அந்த இடைவெளியை அடைக்கும் வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். பருத்தி இழையைத் திரியாக முறுக்கி, உளியும் மரச்சுத்தியலும் கொண்டு மூட்டில் அடித்து இறக்குவார்கள். மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிய கலவையைப் பூசுவார்கள். இது பொறுமையைக் கேட்கும் வேலை. ஓரிடத்தில் தளர்வாகவும் ஓரிடத்தில் இறுக்கமாகவும் அடித்தால் நீர் தளர்வான இடத்தைக் கண்டுபிடித்துவிடும். திரியின் இறுக்கத்தைச் சுத்தியலின் திரும்பும் ஓசையால் அறிந்தார்கள். ஓடாவியின் மகன் பலகை அறுக்கக் கற்குமுன் இந்த ஓசையைக் கற்றான். வரைபடம் இல்லாமல், அளவுகோலும் நூலும் நினைவும் கொண்டு கலம் கட்டிய மரபு இது. தமிழில் கப்பல் சாத்திரம் என்றொரு பழைய நூல் உண்டு. மர இலக்கணமும் கலத்தின் அளவுகளும் அதில் சொல்லப்பட்டுள்ளன. ஆனால் கரையில் வேலை செய்தவர்களின் அறிவு ஏட்டின் வழி வந்ததன்று.

அடியில் சுண்ணாம்பும் எண்ணெயும் குழைத்த பூச்சு ஏறியதும் தோணி மறுபடி நீரில் இறங்கும். காய்ந்த பலகைகள் ஊதி மூட்டுகள் இறுகும்வரை முதல் சில நாள் உள்ளே நீர் கசிவது இயல்பு. அதை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இப்படிப் பல மராமத்துகள் கண்ட தோணியில், முதலில் வைத்த பலகைகளில் எத்தனை மிஞ்சியிருக்கும் என்பதைச் சொல்வது கடினம். பதிவேட்டில் அது அதே பெயருடைய அதே தோணிதான். 1958ஆம் ஆண்டின் வணிகக் கப்பல் சட்டம் பாய்மரக் கலங்களுக்கெனத் தனிப்பகுதி ஒதுக்கி, பதிவும் சுமைக்கோடும் ஆய்வுச் சான்றிதழும் வேண்டும் என்றது. அதன்பின் ஓடாவியின் காதோடு ஆய்வாளரின் கையெழுத்தும் சேர்ந்தது.

கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஓடியதோடு தோணிகள் கொழும்புக்கும் நேரே போயின. சுமார் 150 கடல் மைல் தூரம். அரிசி, வெங்காயம், மிளகாய், கருவாடு, ஓடு என்று இலங்கைக்கு வேண்டியவை போயின. பயணிகளும் இந்தத் தடத்தில் போயினர். தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பலர் தூத்துக்குடி வழியே நீராவிக் கப்பலேறினர். அந்தத் தடத்தில் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் ஏகபோகத்தை உடைக்கத்தான் வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். மூலதனம் 10 லட்சம் ரூபாய், 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். 1908இல் அவர் சிறை சென்றபின் கம்பெனி நசித்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடி – தலைமன்னார் வழி வந்ததும் பயணிகள் அங்கே திரும்பினர். சரக்குத் தோணிகள் மட்டும் தங்கள் தடத்தை விடவில்லை.

எதிர்க்கரையான இலங்கையிலும் இதே கைத்திறன் இருந்தது. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற இரட்டைப் பாய்மரக் கலத்தை வில்லியம் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, மனைவி பெயரால் புளோரன்ஸ் ராபின்சன் என்று மாற்றினார். தமிழ் மாலுமிகள் அதை 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகம்வரை ஓட்டிச் சென்றார்கள். கரையோரத் தமிழ்த் தச்சர்களின் வேலை அட்லாண்டிக்கின் அலையையும் தாங்கியது என்பதற்கு அந்தப் பயணம் ஒன்றே போதும்.

தோணியின் அடித்தளத்தையே அசைத்தது புதுத் துறைமுகம். 1964 நவம்பர் 5இல் லால்பகதூர் சாஸ்திரி அதன் பணியைத் தொடங்கிவைத்தார். 1974 ஜூலை 11இல் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 1979 ஏப்ரல் 1இல் பழைய சிறு துறைமுகமும் அதோடு இணைக்கப்பட்டது. கப்பல்கள் நேரே தளத்தில் வந்து கட்டின. ஐந்தாறு மைல் ஓட்டத்துக்கு வேலையில்லாமல் போனது. அதே ஆண்டுகளில் கொழும்புத் தடமும் ஆட்டம் கண்டது. 1970க்கும் 1977க்கும் இடையே இலங்கை அரசு வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1983 கலவரத்துக்குப் பின் போர் நீண்டது. மிஞ்சிய தோணிகள் மாலத்தீவை நம்பின. ஜல்லி, செங்கல், காய்கறி என்று அந்தத் தீவுகளுக்கு வேண்டியவை ஏறின.

தூரம் கூடியதும் காற்றை மட்டும் நம்புவது இயலாததாயிற்று. தோணிகளில் எஞ்சின் ஏறியது. பழைய வண்டியில் புது எஞ்சின் பொருத்துவதுபோல எளிய காரியமன்று இது. பாய்மரக் கலத்தில் விசை மேலிருந்து வரும், கூம்பின், அதாவது பாய்மரத்தின், வழியே கலம் முழுக்கப் பரவும். எஞ்சினோ பின்பக்கத்தில் ஓரிடத்தில் அமர்ந்து நாள் முழுக்க அதிரும். அந்த அதிர்வு ஆணியைத் தளர்த்தும், கலப்பத்தைக் கழற்றும். ஆகவே எஞ்சினுக்கு அடியில் நீண்ட கனத்த கட்டைகளைப் பல வங்குகளின் மேல் ஓடவிட்டு, அதிர்வைப் பரப்ப வேண்டியிருந்தது. பின்கட்டையைத் துளைத்துத் தண்டு நுழைக்க வேண்டும். பலநூறு ஆண்டுகளாகத் துளையிடாமல் காத்த இடம் அது. சுக்கானுக்கு முன்னால் விசிறிக்கு இடம் ஒதுக்க வேண்டும். தமிழகக் கரை முழுவதும் லாரிக்கென உருவான டீசல் எஞ்சின்களைக் கடலுக்கேற்ப மாற்றிப் படகில் வைப்பது பழக்கமாகியிருந்தது. அசோக் லேலண்ட் அத்தகைய கடல் எஞ்சின்களைத் தானே தயாரித்து விற்றது. லாரியில் ரேடியேட்டரைக் காற்று குளிர்விக்கிறது, கலத்தின் அடியறையில் காற்றோட்டம் இல்லை. கடல்நீரை நேரே எஞ்சினுக்குள் விட்டால் உலோகம் அரிக்கும். எனவே எஞ்சினுக்குள் நன்னீர் சுற்ற, அதைத் தனிக் குழாயில் கடல்நீர் குளிர்விக்கும்படி அமைத்தார்கள். ஓடாவியோடு இப்போது லேத்துப் பட்டறைக்காரரும் வெல்டரும் கரையில் நின்றார்கள். பாய் சுருங்கித் துணைக்கருவியானது.

கேரளத்தின் பேப்பூரில் உரு என்னும் மரக்கலங்கள் கட்டும் தொழிலை வளைகுடா நாட்டுச் செல்வர்களின் ஆசை தாங்கிப் பிடித்தது. தூத்துக்குடிக்கு அப்படிப்பட்ட வாடிக்கையாளர் வாய்க்கவில்லை. இங்கே தோணி கடைசிவரை கூலிக்குச் சுமந்த கலம். சரக்குக் கட்டணம் மராமத்துச் செலவைத் தாண்டும்வரைதான் அதற்கு ஆயுள். இந்த வேறுபாட்டை மறந்து, ஆர்வமின்மையால் தொழில் அழிந்தது என்று சொல்வது ஓடாவிகளுக்கு இழைக்கும் அநீதி. காட்டுமரம் வெட்டக் கட்டுப்பாடு வந்தபின் வளைந்த கருவேலமும் நீளப் பலகையும் கிடைப்பது அரிதானது. கொள்கலன் போக்குவரத்து சிறு வணிகர்களின் சரக்கையும் இழுத்துக்கொண்டது. 2020 செப்டம்பரில் தூத்துக்குடி, கொச்சி, மாலத்தீவு இடையே நேரடிச் சரக்குக் கப்பல் சேவையும் தொடங்கப்பட்டது.

இந்த உலகம் இலக்கியத்தில் பதிவாகியிருப்பது ஆறுதல். ஜோ டி குரூஸ் எழுதிய 'கொற்கை' நாவல் தோணி உரிமையாளர்களையும் தண்டல்களையும் அவர்களின் கடன்களையும் குடும்பங்களையும் விரிவாகச் சொல்கிறது. 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆனால் கைவேலையின் பதிவு வேறு. எந்த வங்கு எந்த வளைவில் அமரும், எந்த மூட்டில் எத்தனை திரி என்பவற்றை அளந்து வரைந்து வைத்தால்தான் ஒரு தோணியையாவது பிற்காலத்தில் சரியாகப் புதுப்பிக்க முடியும். அந்த அளவுகள் இன்னும் முதிய ஓடாவிகளிடம் இருக்கின்றன, பழைய துறைமுகத்தில் எஞ்சிய தோணிகளின் உடலிலும் இருக்கின்றன.