தண்டுவட மரப்பு நோயும் தேகப்பயிற்சியும்

தண்டுவட மரப்பு நோய், மல்டிப்பிள் ஸ்க்ளீரோசிஸ் என்று வைத்தியர்களும் எம்.எஸ். என்று நோயாளிகளும் வழங்குவது, சரீரத்தைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே பகையாகி, மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றின் இழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் என்னும் கொழுப்புறையை ஆங்காங்கே அரித்துவிடுவதனால் விளையும் நீடித்த ரோகமாகும். நோய் தண்டுவடத்தோடு நின்றுவிடுவதுபோல் தோற்றுவிக்கும் இத்தமிழ்ப் பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று. ஆயினும் வழக்கில் நிலைத்துவிட்டது. பாரிஸ் நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் இருந்த ஷார்க்கோ என்னும் வைத்தியர் 1868இல் இதனைத் தனி நோயாக வகுத்துரைத்தார். பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையே, ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாகத் தோன்றும் இந்நோய் குளிர்நாட்டாருக்கே உரியதென்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. மேலைக் கடற்கரையில் உள்ள மங்களூரில் எடுக்கப்பட்டு 2014இல் வெளியான கணக்கோ, அந்நகரில் லட்சம் பேருக்கு எட்டுப்பேருக்குச் சற்று அதிகமாகவே இந்நோய் உண்டென்று காட்டிற்று.

உறை செம்மையாக உள்ள பருத்த இழையில் விநாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் ஓடக்கூடிய நரம்புச் செய்தி, உறை கிழிந்த இடத்தில் தயங்கும். சில வேளை நின்றே போகும். அந்நிலையில் உடலின் உஷ்ணம் அரை பாகை உயர்ந்தாலும் போதும், இழையின் உள்ளே பாயும் மின்னோட்டத்தின் காலம் சுருங்கி, வெறுமையான பகுதியைத் தாண்டும் வலிவை அது இழந்துவிடுகிறது. ஊட்டாஃப் என்னும் ஜெர்மானியக் கண் வைத்தியர், இந்நோயாளிகள் சிலருக்கு நடந்து களைத்தவுடன் பார்வை மங்கி, ஓய்ந்திருந்தபின் தெளிவதை 1890இல் எழுதிவைத்தார். அவர் கண்டது மெய். காரணமாகக் கருதியதுதான் பிழை. மங்கலுக்கு மூலம் உடலுழைப்பன்று, உழைப்பினால் எழுந்த சூடே என்பது பின்னரே புலனாயிற்று. காந்தப் படக்கருவி வருமுன், நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் அமர்த்தி, குறிகள் தலைதூக்குகின்றனவா என்று பார்ப்பதே நோயை அறியும் ஒரு சோதனையாகவும் இருந்தது. ஆயினும் அந்தப் பிழையின் நிழல் வைத்தியத்தின்மேல் நெடுநாள் படிந்திருந்தது: களைப்படைய வேண்டாம், படுத்திருங்கள் என்பதே தலைமுறை தலைமுறையாக நோயாளிகள் கேட்ட உபதேசம். நரம்பு பறித்தது பாதியென்றால், அசையாமையால் தசை மெலிந்தும் மூட்டு இறுகியும் போனது மறுபாதி.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தார் 1996இல் வெளியிட்ட ஆராய்ச்சியே இவ்வுபதேசத்தை அசைத்தது. நோயாளிகள் 54 பேரில் ஒரு பகுதியினர் வாரத்துக்கு மூன்று முறை, 15 வாரங்கள், கையாலும் காலாலும் மிதிகருவியை இயக்கினர். அவர்களுடைய மூச்சுத்திறனும் தசைவலிமையும் உயர்ந்தன, மனச்சோர்வு குறைந்தது. பிறகு நடந்த பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், பயிற்சியால் நோய் மறுபடி கிளர்ந்தெழுவது மிகுவதாகக் காணவில்லை. மிதமான அளவில் நோயால் தாக்குண்ட பெரியவர்களுக்கு, வாரம் இருமுறை அரைமணி நேரம் மூச்சை வளர்க்கும் பயிற்சியும், இருமுறை தசையை வலுவாக்கும் பயிற்சியும் வேண்டுமென்று 2013இல் கனடா நாட்டார் வகுத்த நெறி இன்று பரவலாக ஏற்கப்படுகிறது.

பயிற்சி நரம்பையே சீர்ப்படுத்துமா என்பது வேறு வினா. கால்கரி பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், தண்டுவடத்தில் உறை சிதைக்கப்பட்ட சுண்டெலிகளைச் சுழற்சக்கரத்தில் விருப்பம்போல் ஓடவிட்டபோது உறை விரைந்து புதுப்பிக்கப்பட்டதை 2018இல் அறிவித்தனர். மனிதரிடத்தோ, டென்மார்க்கில் 86 பேரைக் கொண்டு 24 வாரம் நடத்திய கடும்பயிற்சிச் சோதனையில் மூளை சுருங்குவது தடைப்பட்டதாகத் தெரியவில்லை. எனவே, உறை மீண்டும் வளரும் என்று ஆசை காட்டி நோயாளியைப் பயிற்சிக்கு அழைப்பது நேர்மையன்று; களைப்பு தணியும், நடை உறுதிப்படும் என்று சொல்லி அழைப்பதே தகும். மருந்துக்கு இது துணையேயன்றி மாற்றன்று.

உஷ்ணத்தைப் பற்றிய எச்சரிக்கை லண்டனைவிடக் கொச்சிக்கே பெரிதும் பொருந்தும். மட்டாஞ்சேரிக்கும் எறணாகுளத்துக்கும் நடுவே, துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ காயலைத் தூர்வாரி எடுத்த சேற்றினால் எழுந்ததும், வைசிராய் வில்லிங்டன் பிரபுவின் பெயர் பெற்று நம்மவர் நாவில் வெலிங்டன் தீவு என்று திரிந்ததுமான நிலப்பரப்பை எடுத்துக்கொள்வோம். மேடுபள்ளமற்ற அதன் வீதிகள், கால் தடுமாறும் நோயாளி நடந்து பழகுவதற்கு ஏற்றவை. நாற்புறமும் நீர் சூழ்ந்த ஈரக்காற்றோ வியர்வையை உலரவிடாமல், உடற்சூட்டை உள்ளேயே தேக்கிவைப்பது. மார்ச்சிலும் ஏப்ரலிலும் காலை எட்டுமணிக்குள் நடையை முடித்துக்கொள்வதோ, மின்விசிறிக்கு எதிரே நிலைமிதிவண்டியில் அமர்வதோ, வெதுவெதுப்பில்லாத நீரில் பயில்வதோ உசிதம். பயிற்சிக்குமுன் குளிர்நீரில் காலை நனைத்துக்கொள்வதும், இடையிடையே குளிர்ந்த நீர் பருகுவதும், விட்டுவிட்டுச் சிறு பொழுதுகளாகப் பயில்வதும் பலன் தருவனவே.

இந்தியாவில் இந்நோயாளிகளுக்கான சங்கம் 1985இல் நிறுவப்பட்டது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. பயிற்சி செய்வோர் இறுதியாக ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும்: பயிற்சியினிடையே தோன்றும் மங்கலும் தளர்ச்சியும் உடல் குளிர்ந்ததும் நீங்கிவிடுமாயின் அஞ்சவேண்டுவதில்லை. ஒரு நாளுக்கு மேலும் நீங்காவிடின் அது சூட்டின் விளையாட்டன்று, அன்றே நரம்பியல் வைத்தியரைக் காண வேண்டும்.