அடுக்ககங்களில் வாகன நிறுத்துமிடத் திட்டமிடல்

அடுக்குமாடிக் குடியிருப்பில் கார்களும் இருசக்கர வாகனங்களும் எங்கே நிற்கும், எத்தனை நிற்கும், எந்த வழியாக வந்து எந்த வழியாகப் போகும், எந்த இடம் யாருக்கு உரியது என்பவற்றைக் கட்டுமானம் தொடங்கும் முன்பே முடிவு செய்யும் பணி இது. சென்னையிலும் தமிழகத்தின் பிற நகரங்களிலும் மூன்று வகை நிறுத்துமிடங்கள் வழக்கில் உள்ளன: கட்டடத்தைத் தூண்கள்மேல் நிறுத்தி அடியில் விடப்படும் ஸ்டில்ட் தளம், தரைக்குக் கீழே தோண்டப்படும் பேஸ்மென்ட், கட்டடத்தைச் சுற்றியுள்ள திறந்த வெளி. பெரிய வளாகங்களில் மூன்றும் கலந்தே இருக்கும். நான்கு சுவரும் ஷட்டரும் கொண்ட தனி கராஜ் தனி வீடுகளில்தான் உண்டு, அடுக்ககங்களில் அபூர்வம்.

வீடுகளின் வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு, மிஞ்சிய இடத்தில் கார்களை அடைப்பது பரவலான பழக்கம். இது தலைகீழான வழி. மேல்தளத்துச் சுவரைப் பின்னால் நகர்த்திவிடலாம். தூணை நகர்த்த முடியாது. தூண் எங்கே இறங்குகிறது என்பதைக் கார்தான் தீர்மானிக்க வேண்டும்.

அளவும் தூணும்

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இத்துறையின் அடிப்படை ஆவணம். ஒரு காருக்கு 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். இருசக்கர வாகனத்துக்கு 1 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் நீளம் என்பவை குறைந்தபட்ச அளவுகள். எத்தனை இடங்கள் வேண்டும் என்பது வீட்டின் பரப்பைப் பொறுத்து மாறும். நிறுத்துமிடமாகவே பயன்படும் ஸ்டில்ட், பேஸ்மென்ட் பரப்பு தளப்பரப்புக் குறியீட்டில் சேராது. கட்டுநர்கள் ஸ்டில்ட்டை விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். ஆனால் உயரக் கணக்கில் அதுவும் சேரும். உயரமல்லாத கட்டடத்துக்கான வரம்பு 15.25 மீட்டரிலிருந்து 18.30 மீட்டராக உயர்ந்த பிறகு ‘ஸ்டில்ட் பிளஸ் ஐந்து’ சென்னை விளம்பரங்களில் சாதாரணமாகிவிட்டது.

2.5 மீட்டர் அகலம் காகிதத்தில் போதுமானதாகத் தெரியும். மாருதி 800 காரின் அகலம் 1.44 மீட்டர், அது நின்றால் ஒரு மீட்டருக்கு மேல் இடம் மிஞ்சும். மஹிந்திரா எக்ஸ்யூவி 700 காரின் அகலம் கண்ணாடிகளைச் சேர்க்காமலே 1.89 மீட்டர். அப்படி இரண்டு கார்கள் அருகருகே நின்றால் நடுவில் இருப்பது சுமார் 60 சென்டிமீட்டர். கதவைத் திறந்து ஒரு முதியவரை இறக்க அது போதாது. ஓட்டுநர் பக்கம் தூண் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். இருசக்கர வாகனத்திலும் இதே கதை: ஆக்டிவா 1.83 மீட்டர், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 2.1 மீட்டருக்கு மேல். விதியின் குறைந்தபட்சத்தையே இலக்காக வைத்துக் கொள்ளும் திட்டம், குடியேறிய முதல் மாதமே சங்கக் கூட்டத்தில் சண்டையாக வெடிக்கும்.

தூண் இடைவெளிக் கணக்கு எளியது. இரண்டு கார் நிற்க, தூண்முகத்துக்குத் தூண்முகம் 5 மீட்டர் சுத்தமாக வேண்டும். தூணின் அகலம் 30 சென்டிமீட்டர் என்றால் மையத்துக்கு மையம் 5.3 மீட்டர். மூன்று கார் என்றால் 7.8 மீட்டர். ஆனால் மேலே உள்ள படுக்கையறை பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதன் மூலைகளில் தூண் வந்தால் 3 மீட்டருக்கு ஒன்றாகக் கீழே இறங்கும். கட்டடக் கலைஞரும் கட்டமைப்புப் பொறியாளரும் உட்கார்ந்து பேச வேண்டியது இந்த இடத்தில்தான். மேல்தூணைப் பெரிய உத்தரத்தின்மேல் நிறுத்திக் கீழே தவிர்ப்பது ஒரு வழி. அது செலவும் எடையும் கூட்டும், பூகம்பப் பாதுகாப்புக்கும் உகந்ததல்ல. அறை அளவுகளையே கார் அளவுக்கு இசைய வரைவது சிறந்தது.

நிற்கும் இடத்தைப் போலவே திரும்பும் இடமும் பரப்பை விழுங்கும். ஒரு காரின் கட்டம் 12.5 சதுர மீட்டர்தான். ஆனால் டெல்லி மாஸ்டர் பிளான் 2021 ஒரு காருக்குத் திறந்த வெளியில் 23, தரைத்தளக் கூரையடியில் 28, பேஸ்மென்ட்டில் 32 சதுர மீட்டர் என்று கணக்கிடுகிறது. ஓடுபாதை, வளைவு, ரேம்ப், தூண் எல்லாம் அதில் அடக்கம். மனைக்கு எத்தனை கார் என்று மதிப்பிட இந்த எண்கள் இங்கும் உதவும். மொத்தப் பரப்பை 12.5 ஆல் வகுத்துக் காட்டும் விற்பனைத் தாளை நம்பக் கூடாது.

தலைக்கு மேலுள்ள உயரத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் மாடிக் கழிவறைகளின் குழாய்கள் ஸ்டில்ட்டின் கூரையடியில்தான் சரிந்து செல்லும். உத்தரத்துக்குக் கீழே குழாய், குழாய்க்குக் கீழே கார். மேலே கேரியர் வைத்த இன்னோவா உரசாமல் போக, குழாயின் அடியிலிருந்து தரைவரை 2.2 மீட்டருக்குக் குறையாமல் விடுவது நல்லது. இணைப்பு கசிந்தால் சுண்ணாம்பு கலந்த நீர் பானட்டில் சொட்டி வெள்ளைத் திட்டாகப் பிடித்துக் கொள்ளும், பெயின்ட் போய்விடும். குழாய்களை ஓடுபாதையின் மேலே கொண்டுபோவது கூடுதல் செலவில்லாத தீர்வு.

பேஸ்மென்ட்டும் வெள்ளமும்

ஐந்து கிரவுண்டு மனை ஒன்று 100க்கு 120 அடி என்று கொள்வோம். 3.3 மீட்டர் ஆழத்துக்கு 1க்கு 8 சரிவில் ரேம்ப் இறக்கினால், மேலும் கீழும் காரின் அடிப்பகுதி தட்டாதிருக்க விடும் மென்சரிவையும் சேர்த்து, கிட்டத்தட்ட 30 மீட்டர் நீளம் வேண்டும். மனையின் நீளமே 36.6 மீட்டர். பக்க வெளிகள் போக ரேம்ப்பே ஒரு பக்கத்தை முழுதாக எடுத்துக் கொள்ளும். சிறிய மனைக்கு பேஸ்மென்ட் கட்டுப்படியாகாததற்குக் காரணம் தோண்டும் செலவு மட்டுமல்ல, இந்த நீளமும்தான்.

சென்னையில் இன்னொரு கேள்வி தண்ணீர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலிலும் நகரின் பேஸ்மென்ட்டுகளும் ஸ்டில்ட்டுகளும் நிரம்பின. பள்ளிக்கரணையில் குடியிருப்பு ஒன்றின் கார்கள் வரிசையாக மிதந்து போன காட்சியை நாடே பார்த்தது. 2024 அக்டோபரில் மழை எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மக்கள் தங்கள் கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்கள். தன் வீட்டு நிறுத்துமிடத்தின்மேல் ஒரு நகரத்துக்கு நம்பிக்கை இல்லாமல் போனதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

திட்டமிடும்போதே செய்யக் கூடியவை பல. ரேம்ப் தொடங்கும் இடத்தில் சாலை மட்டத்துக்கு மேலே ஒரு மேடு வேண்டும். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டுச் சாலை உயர்ந்துவிடும் தெருக்களில் அந்த மேட்டைத் தாராளமாகவே வைக்க வேண்டும். ரேம்ப்பின் அடியில் குறுக்குக் கால்வாயும் சேகரிப்புக் குழியும், குழிக்கு இரண்டு பம்புகளும் தேவை. பம்புக்கு மின்சாரம் தரும் பலகையும் ஜெனரேட்டரும் தரைமட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். அவற்றை பேஸ்மென்ட்டிலேயே வைத்த கட்டடங்களில் நீர் புகுந்ததும் முதலில் நின்றது பம்புதான். கடலோர மணற்பகுதிகளில் நிலத்தடி நீர் மேலே இருப்பதால், நீர் அடியிலிருந்து தரைப்பலகையைத் தள்ளும் விசையையும் பொறியாளர் கணக்கில் கொள்வார்.

தாழ்வான பகுதியில் மனை இருந்தால் பேஸ்மென்ட்டைக் கைவிட்டு, ஸ்டில்ட்டையும் அதற்கு மேல் ஒரு பார்க்கிங் தளத்தையும் கட்டுவதே சரியான முடிவு.

மென்தளம் என்னும் ஆபத்து

2001 ஜனவரி 26 அன்று கச் பகுதியில் நேர்ந்த பூகம்பத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அகமதாபாத்தில் பல அடுக்ககங்கள் விழுந்தன. அவற்றில் பெரும்பாலானவை அடியில் கார் நிறுத்தத் திறந்துவிட்ட கட்டடங்கள். மேல்தளங்களில் செங்கல் சுவர்கள் சட்டகத்தை இறுக்கிப் பிடிக்கின்றன. கீழே சுவரே இல்லை, அதுவே மென்தளம். அசைவு முழுவதும் அந்த ஒரே தளத்தின் தூண்களில் குவிந்து, தூண்கள் முறிந்து, மேல்தளங்கள் அப்படியே உட்கார்ந்துவிடும்.

பூகம்ப வடிவமைப்புக்கான, 2002இல் திருத்தப்பட்ட இந்தியத் தரம் 1893, திறந்த தளத்தின் தூண்களையும் உத்தரங்களையும் கணக்கிட்ட விசையைப் போல் 2.5 மடங்குக்கு வடிவமைக்கச் சொன்னது. 2016 பதிப்பு அத்தகைய கட்டடங்களுக்குக் கான்கிரீட் சுவர்கள் அல்லது குறுக்குத் தாங்கிகளை வற்புறுத்துகிறது. அதே 2002 திருத்தத்தில்தான் சென்னை இரண்டாம் பூகம்ப மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. அகமதாபாத்தும் மூன்றாம் மண்டலமே. லிப்ட், படிக்கட்டு ஆகியவற்றைச் சுற்றிக் கான்கிரீட் சுவரை அடித்தளம்வரை இறக்கினால் பெரும்பகுதி வலிமை கிடைத்துவிடும். இதனால் ஓரிரு கார் இடம் குறையலாம். அந்த இழப்பைத் தயங்காமல் ஏற்க வேண்டும்.

உரிமை

நிறுத்துமிடம் விற்பனைக்குரிய பொருளா, பொதுச் சொத்தா என்ற வழக்குகளில் நஹல்சந்த் லாலுசந்த் நிறுவனத்துக்கும் பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும் இடையிலானது முக்கியமானது. 2010 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் இடம் ‘பிளாட்’ ஆகாது, ‘கராஜ்’ உம் ஆகாது, அதைக் கட்டுநர் தனியாக விற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு என்றாலும் நாடெங்கும் மேற்கோள் காட்டப்படுகிறது.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா, திறந்த நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியில் சேர்த்தது. கூரையும் மூன்று பக்கச் சுவரும் உள்ள இடமே கராஜ் என்று வரையறுத்து, விற்பனைக்குள்ள கராஜ்களின் எண்ணிக்கையையும் பரப்பையும் பதிவின்போதே தெரிவிக்கச் சொன்னது. நம் ஊர் ஸ்டில்ட் இடங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சுவரே கிடையாது. நடைமுறையில் ‘கவர்டு கார் பார்க்கிங்’ என்று ஒரு தொகை வாங்கிக் கொண்டு, ஒதுக்கீட்டுக் கடிதம் தருகிறார்கள். வாங்குபவர் கேட்க வேண்டியது கடிதத்தை மட்டுமல்ல; அனுமதி பெற்ற பிளானில் தன் எண் எந்தக் கட்டத்தில் உள்ளது, அது விருந்தினர் இடமா, ஓடுபாதையில் கோடு போட்டு உருவாக்கியதா என்பதையும் பார்க்க வேண்டும். உயரமான கட்டடங்களைச் சுற்றி விடும் 7 மீட்டர் வெளி தீயணைப்பு வண்டி செல்வதற்கானது. அங்கே கோடு போட்டு விற்பது உயிரோடு விளையாடுவது.

இயந்திர அடுக்குகளும் மின்வண்டிகளும்

இடம் போதாதபோது ஒரு காரைத் தூக்கி அதன் அடியில் இன்னொன்றை நிறுத்தும் ஸ்டாக் பார்க்கிங் வைக்கிறார்கள். கீழ்க் காரை எடுக்காமல் மேல் கார் இறங்காது என்பதால், இரண்டும் ஒரே குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டால் மட்டுமே அது ஒழுங்காக நடக்கும். தட்டுகள் பக்கவாட்டில் நகரும் பஸில் வகையில் இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மின்சாரமும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் சங்கத்தின் தலையில் விழும்.

மத்திய அரசு 2019இல் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, நிறுத்துமிடத்தில் 20 சதவீதத்தை மின்வண்டிகளுக்கு ஏற்றதாக அமைக்கப் பரிந்துரைத்தது. இன்று சார்ஜர் வைக்காவிட்டாலும், மீட்டர் அறையிலிருந்து ஒவ்வொரு தூணுக்கும் காலிக் குழாய்களை இட்டு, மின்மாற்றியில் சுமைக்கு இடம் விட்டுக் கட்ட வேண்டும். கட்டி முடித்த ஸ்டில்ட்டில் பின்னால் கேபிள் இழுப்பது ஒவ்வொரு வீட்டுக்காரரின் ஒப்புதலையும் கேட்டு நிற்கும் வேலையாகிவிடுகிறது.