கோப்புகளைக் காத்தலும் கிழித்தலும்

வரலாறு என்றதும் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. காவல்நிலையக் கோப்பும் வரலாற்று ஆவணமே என்பதைக் கலிஃபோர்னியா மாநிலத்தின் அனுபவம் நமக்கு உணர்த்துகிறது.

ஷெரீப்பின் காவலர்களைத் தாக்கியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஒருவர், தாம் தற்காத்துக்கொண்டதாகவே வாதிட்டார்; அக்காவலர்கள் மீதான பழைய புகார்களைக் காணவும் கோரினார். 1974இல் மாநில உச்ச நீதிமன்றம் அதற்கு இசைந்தது. 'பிட்சஸ் வழக்கு' எனப்படுவது இதுவே. இதையடுத்து லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை நான்கு டன்னுக்கும் மேலான பணிக்கோப்புகளை அழித்தது.

1978ஆம் ஆண்டுச் சட்டம் இரு முகம் கொண்டது. புகார்களைக் குறைந்தது 5 ஆண்டுகள் பேண வேண்டும் என்றது. நீதிபதியின் ஆணையின்றி எவரும் அவற்றைக் காணலாகாது என்றும் விதித்தது. அதில் ஒப்பமிட்ட ஆளுநர் ஜெர்ரி பிரவுன், 40 ஆண்டுகள் கழித்து 2018இல், அப்பூட்டைப் பகுதியளவு திறக்கும் சட்டத்திலும் ஒப்பமிட்டார். துப்பாக்கிச்சூடு, உயிரிழப்பில் முடிந்த வன்முறை, மெய்ப்பிக்கப்பட்ட பாலியல் தாக்குதல், பொய்யுரை ஆகியவை பற்றிய கோப்புகளைப் பொதுமக்கள் கேட்டுப் பெறலாம் என்றாயிற்று.

அது 2019 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில், முந்தைய மாதமே இங்கிள்வுட் நகர மன்றம் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய கோப்புகளை அழிக்க அனுமதித்தது. பழைய கதையே மீண்டும் அரங்கேறியது. 2021இல் இயற்றப்பட்ட சட்டமோ, மெய்ப்பிக்கப்பட்ட முறைகேடுகளின் கோப்புகளை 15 ஆண்டுகளேனும் பேணப் பணித்தது.

காணும் உரிமை மட்டும் போதாது. காண்பதற்குக் கோப்பு எஞ்சியிருக்க வேண்டும். ஆவணச் சட்டங்களைப் படிக்கும்போது, எத்தனை ஆண்டுகள் பேணுவார்கள் என்ற வரியையே நாம் முதலில் தேட வேண்டும்.