மூதவையும் யாழ்ப்பாணமும்

யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள் பட்டினசபைக்கும் கிராமச்சங்கத்துக்கும் பிரதிநிதிகள் சபைக்கும் வாக்களித்து வந்தனர். ஆயின் 1947 ஆம் ஆண்டு தொடக்கம் 1971 ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் இருந்த செனற் சபைக்கு அவர்கள் ஒருமுறையேனும் வாக்களித்ததில்லை. மூதவை என்றும் மேற்சபை என்றும் வழங்கப்பட்ட அச்சபைக்குத் தொகுதியும் இல்லை. தேர்தற் கூட்டமும் இல்லை. எனினும் சிறுபான்மையினருக்கு அது ஒரு காப்பாகும் என்ற எதிர்பார்ப்பு அதன் பிறப்போடு கூடியிருந்தது.

சோல்பரி ஆணைக்குழுவினர் 1945 ஆம் ஆண்டு அறிக்கையிலே இரண்டாம் மன்றம் ஒன்றை விதந்துரைத்தனர். அவசரமாக இயற்றப்படும் சட்டங்களை ஆறுதலாக மீள நோக்குவதும், தேர்தற்களத்தில் இறங்க விரும்பாத அறிஞரின் பணியை நாடு பெறுவதும் அதன் பயன்களாகக் கருதப்பட்டன. உறுப்பினர் முப்பதின்மர். பதினைவரைப் பிரதம மந்திரியின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதினைவரைப் பிரதிநிதிகள் சபையினர் விகிதாசார முறைப்படி தெரிந்தெடுத்தனர். பதவிக்காலம் ஆறு ஆண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் விலகினர்.

இவ்விடத்தில் ஒரு சிறு கணக்கைப் பார்த்தல் நன்று. 1947 இல் பிரதிநிதிகள் சபையினர் 101 பேர் கூடிப் பதினைந்து இடங்களையும் ஒருங்கே நிரப்பினர். ஏழு பேர் ஒன்றுபட்டால் ஓரிடம் உறுதி. அவ்வாண்டுத் தேர்தலில் தமிழ்க் காங்கிரஸ் வென்ற ஆசனங்களும் ஏழே. அதன்பின் ஒவ்வொரு முறையும் தெரிவுக்கு வந்தவை ஐந்து இடங்களே; ஓரிடத்துக்குப் பதினேழு பேர் வேண்டியதாயிற்று. 1960 இல் சபை 157 பேராகப் பெருகியபோது அத்தொகை இருபத்தேழாக உயர்ந்தது. அவ்வாண்டு யூலைத் தேர்தலில் தமிழரசுக் கட்சி பெற்ற இடங்களோ பதினாறு. விகிதாசாரம் என்ற பெயர் நிலைத்தது. அதன் பயன் தேய்ந்தது. நியமன உறுப்பினர் பதினைவரும் அரசாங்கத்தின் தெரிவாக இருந்தமையால் மேற்சபை கீழ்ச்சபையின் நிழலாயிற்று எனலாம்.

சோதனைக்காலமும் விரைவிலேயே வந்தது. மலையகத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கிய 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தை அச்சபை தடுக்கவில்லை. 1956 ஆம் ஆண்டு அரசகரும மொழிச் சட்டமும் அவ்வாறே நிறைவேறியது. செனற் சபையினர் ஒருவரே நீதி அமைச்சராதல் வேண்டும் என்பது அரசியல் யாப்பின் விதி. ஆகவே, நீதிமன்றங்களின் மொழியைச் சிங்களமாக்கிய 1961 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பொறுப்பாயிருந்த அமைச்சர் சாம் பி. சி. பெர்னாண்டோவும் இச்சபையினரே. காப்பென்று கருதிய மன்றத்திலிருந்தே அச்சட்டத்துக்குரிய அமைச்சர் வந்தமை வரலாற்றின் விந்தை. பிரதம மந்திரி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் 1960 இல் இச்சபை வழியாகவே பாராளுமன்றம் புகுந்தார்.

அப்படியாயின் அச்சபையால் பயனே இல்லையோ? தடுக்கும் வலிமை இல்லாவிடினும் பேசும் இடம் இருந்தது. யாழ்ப்பாணத்து வாலிபர் காங்கிரஸில் வளர்ந்த அப்புக்காத்து சோ. நடேசன், கட்சிச் சார்பற்றவராய் நெடுங்காலம் அங்கு வீற்றிருந்து குடிமக்கள் உரிமைக்காக வாதாடினார். அத்தகைய ஒருவர் வாக்காளரிடம் சென்று வென்றிருப்பாரா என்பது ஐயமே. 1965 இல் தமிழரசுக் கட்சி டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்துக்கு ஆதரவளித்தது. பாராளுமன்றத்துக்கு வெளியேயிருந்த மு. திருச்செல்வம் அப்பொழுது இச்சபைக்கு நியமிக்கப்பட்டு உள்ளூராட்சி அமைச்சரானார். திருகோணமலைக் கோணேசர் கோயிற் சூழலைப் புனிதப் பிரதேசமாக்குவது குறித்து ஆராய அவர் அமைத்த குழுவைப் பிரதம மந்திரி நிறுத்திவிடவே, 1968 இல் பதவியைத் துறந்தார்.

1970 இல் ஆட்சி மாறியது. முன்னைய அரசாங்கத்தின் சார்பினர் மேற்சபையிலே பெரும்பான்மையினராய் இருந்தமையால் புதிய அரசாங்கத்துக்கு அது இடையூறாயிற்று. சிறுபான்மையோருக்காக எழாத தடை கட்சிக்காக எழுந்தது. அதுவே அதன் முடிவுக்கும் காரணமாயிற்று. 1971 செப்டெம்பர் 28 ஆம் நாள் சபை இறுதியாகக் கூடியது. ஒக்டோபர் 2 ஆம் நாள் ஒழிக்கப்பட்டது. 1972 ஆம் ஆண்டு யாப்பு ஒரே மன்றத்தை நிறுவியது. சிறுபான்மையோர் காப்புக்காகச் சோல்பரி யாப்பிலிருந்த 29 ஆம் பிரிவும் அதில் இடம்பெறவில்லை. செனற் சபை கூடிய கொழும்புக் கோட்டைக் கட்டடம் பின்னர் வெளிநாட்டு அமைச்சின் அலுவலகமாயிற்று.